பருப்பு பூவாய் வேகும் தண்ணீரும் ஒரு பரிசோதனைப் பெட்டியும்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் சுற்றுச்சூழல் பொறியியல் நடத்துகிறேன். காலையில் வகுப்பு, மதியம் லேப். இடையில் யாராவது கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீரோடு வந்து நிற்பார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மேடம், எங்க போர் தண்ணி டிடிஎஸ் 400தான் காட்டுது. குடிக்கலாமில்ல?"

இந்தக் கேள்வியோடு இருப்பவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். நான் எழுதப்போவது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவதாகச் சொல்லப்படும் டிடிஎஸ் மீட்டரைப் பற்றி இல்லை. கள நீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பற்றி. குடிநீர் வேலையில் இருப்பவர்கள் ஃபீல்ட் கிட் அல்லது வெறுமனே கிட் என்பார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. பல நிறுவனங்கள் ஏறக்குறைய இதே பெட்டியைத்தான் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்கின்றன. நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடக் குறையப் பொருந்தும்.

முதலில் டிடிஎஸ் மீட்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அந்தக் கருவி உப்பை அளப்பதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். எது கரைந்திருக்கிறது என்று தெரியாது. 400 என்று காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருந்தாலும் 4 மில்லிகிராம் இருந்தாலும் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. சாக்கடை கொஞ்சம் கலந்த காவிரித் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், நல்ல எண்ணாகத்தான் வரும். ஆர்.ஓ. விற்க வருபவர்கள் கையில் எப்போதும் இந்த மீட்டர் இருப்பதால் மக்களும் தண்ணீரின் தரம் என்றால் அந்த ஓர் எண் என்று நம்பிவிட்டார்கள். எனக்கு இது நிஜமாகவே வருத்தமான விஷயம்.

சரி, கிட்டுக்கு வருவோம். பிளாஸ்டிக் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. உள்ளே சின்னச் சின்ன சொட்டு பாட்டில்களில் ரீஏஜென்ட் என்னும் சோதனைக் கரைசல்கள், கோடு போட்ட சோதனைக் குழாய்கள், லேமினேட் செய்த வண்ண அட்டை, ஒரு விளக்கத் தாள். பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, எஞ்சிய குளோரின் (கிருமி நீக்கப் போட்டதில் தண்ணீரில் மிச்சமிருப்பது) இவற்றைப் பார்க்கலாம். கிருமி பார்க்கத் தனியாகக் குப்பிகள். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு பெட்டியில் ஒவ்வொரு சோதனையும் பல முறை செய்யலாம் என்பதால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் பாரம் தெரியாது. ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் தொடங்கியபோது கிராமத்துக்கு 5 பெண்களுக்கு இந்தப் பெட்டியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். உங்கள் ஊராட்சியிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். வாங்குவதற்கு முன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்தில் இந்தப் பெட்டியின் உயிர் ஃபுளோரைடு சோதனைதான். இங்குள்ள பாறைகளில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர் அவற்றோடு வருடக்கணக்கில் உறவாடி அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பழைய பிரச்சினைதான். ஃபுளோரைடு அதிகம் உள்ள நீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரோசிஸ் என்ற நோய் வரும். 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காக 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. காவிரித் தண்ணீர் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் தோட்டத்து வீடுகளில் இன்னும் சொந்த போர்தான். வரத்து குறையும் நாளில் ஊர் போரையும் சேர்த்து ஏற்றும் டேங்குகளும் உண்டு.

சோதனை இப்படித்தான். குழாயில் கோடு வரை தண்ணீர், அதில் ரீஏஜென்ட். சிர்க்கோனியமும் சைலினால் ஆரஞ்சு என்ற சாயமும் அமிலத்தில் சேர்ந்த கரைசல் அது. ஃபுளோரைடு இல்லாத தண்ணீரில் இளஞ்சிவப்பாகவே நிற்கும். ஃபுளோரைடு இருந்தால் அது சிர்க்கோனியத்தைச் சாயத்திடமிருந்து இழுத்துக்கொள்ளும். தனியான சாயம் மஞ்சளாகும். ஃபுளோரைடு கூடக் கூட ரோஜா நிறம் ஆரஞ்சாகி மஞ்சளுக்குப் போகும். அட்டையில் உள்ள நிறத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

நல்லம்பள்ளி பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டு போர் இருந்தன. பழைய போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதை மாட்டுக்கும் செடிக்கும் விட்டுவிட்டார்கள். புது போர் தண்ணீரைத்தான் குடிக்க, சமைக்க. அந்த வீட்டுப் பாட்டி சொன்னார்: "இந்தத் தண்ணியிலதான் கண்ணு பருப்பு பூவா வேகுது. அந்தத் தண்ணியில விறகுதான் செலவு." மாணவர்கள் கிட்டைத் திறந்து இரண்டையும் போட்டார்கள். கடினத்தன்மைக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும், சிவப்பு நீலமாகும்வரை. பழைய போர் தண்ணீருக்கு மாணவியின் கை சலிக்கும் அளவுக்குச் சொட்டுகள் போயின. புதியதற்குச் சீக்கிரமே நீலமாகிவிட்டது. பாட்டி சொன்னது சரியாக இருந்தது. அப்புறம் ஃபுளோரைடு. கடின நீர் ரோஜா நிறத்திலேயே இருந்தது. பருப்பு வேகும் தண்ணீர் பளிச்சென்ற மஞ்சளாகிவிட்டது.

இதற்குக் காரணம் இருக்கிறது. கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும், அதிகம் கரைந்து நிற்க முடியாது. கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய நீரில் தாராளமாகக் கரைந்திருக்கும். அந்த நீர்தான் மென்மையாக இருக்கும், சோப்பு நுரைக்கும், பருப்பு குழையும். நாக்கும் அடுப்பும் எதை நல்ல தண்ணீர் என்று சொல்கின்றனவோ அதில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும் வாய்ப்பு எங்கள் ஊரில் அதிகம். டிடிஎஸ் மீட்டரும் அங்கே பாட்டியின் பக்கம்தான் பேசியிருக்கும். புது போரில்தான் எண் குறைவு. அந்த வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள், பெரியவனுக்குப் பல் வரிசையில் பழுப்புப் பட்டை விழுந்திருந்தது. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் ஃபுளோரைடு அதிகம் போனால் அப்படித்தான் ஆகும், பிறகு துலக்கினாலும் போகாது. சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது. அன்றைக்கே ஒரு பாட்டில் சாம்பிள் கல்லூரிக்கு எடுத்துப்போனோம். லேபில் எலெக்ட்ரோடு வைத்துப் பார்த்ததிலும் இந்திய தரநிலை ஐ.எஸ். 10500 சொல்லும் உச்ச வரம்பான 1.5 மில்லிகிராமைத் தாண்டித்தான் இருந்தது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஊராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னோம். பாட்டிக்கு மனசே இல்லை. பேரன் பல்லைக் காட்டியதும் சம்மதித்தார்.

இந்த ஒரு சோதனைக்காகவே இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன்.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு செமஸ்டரும் மூன்றாமாண்டு லேபில் இதைப் பார்க்கிறோம். 0.221 கிராம் சோடியம் ஃபுளோரைடை ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 0.5, 1, 1.5, 2, 3 என்று நீர்த்து, எண் எழுதாத பாட்டிலில் ஊற்றி மாணவர்களிடம் கொடுப்பேன். அரையையும் மூன்றையும் யாரும் மாற்றிச் சொன்னதில்லை. 1-க்கும் 1.5-க்கும் நடுவில்தான் சண்டை வரும். "மேம், இது ஒண்ணா ஒன்றரையா?" என்று ஒரே குழாயை ஜன்னல் பக்கமும் டியூப்லைட் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வரம்பு ஒன்றரையாக இருக்கும்போது கிட் தடுமாறுவதும் அங்கேதான். அதனால் என் பழக்கம் இது: நல்ல ரோஜா நிறம் என்றால் நிம்மதி, நல்ல மஞ்சள் என்றால் அன்றே குடிப்பதை நிறுத்து, நடுவில் என்றால் லேபுக்கு அனுப்பு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஃபுளோரைடுக்குச் சாம்பிள் எடுப்பது பிளாஸ்டிக் பாட்டிலில்தான், கண்ணாடி வேண்டாம்.

நிறத்தை மர நிழலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பின்னால் வெள்ளைத் தாள் வைத்து. சிவப்பு, பச்சை பேதம் தெரியாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அப்படி ஒரு மாணவர் எங்களிடம் இருந்தார், சொட்டு எண்ணும் வேலையை அவரைவிட நிதானமாகச் செய்தவரை நான் பார்த்ததில்லை. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் குளோரின் சாயத்தையே வெளுக்க வைத்து ஃபுளோரைடைக் கூட்டிக் காட்டிவிடும். டேங்க்கில் மருந்து போடுவதற்கு முன், போரிலிருந்து நேராகப் பிடித்துப் பாருங்கள். இந்த ரீஏஜென்டில் நல்ல வீரியமுள்ள அமிலம் இருக்கிறது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குளோரைடுக்கான சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்புக் கறை சில நாளைக்குப் போகாது. லேப் நடந்த வாரம் என் மாணவர்கள் பாதிப் பேரை விரலைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம்.

நைட்ரேட் சோதனையில் ஒரு பெரிய குறை. சோதனை நல்ல சோதனைதான். துத்தநாகப் பொடி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும், சாயம் சேர்ந்து இளஞ்சிவப்பு வரும். குறை வண்ண அட்டையில் இருக்கிறது. நான் பார்த்த ஒரு பெட்டியில் நிறங்களுக்குக் கீழே வெறும் எண்கள். அது நைட்ரேட்டா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனா என்று எங்கேயும் இல்லை. இரண்டும் வேறு. நைட்ரஜன் கணக்கில் வரும் எண்ணை 4.43-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட். நம் தரநிலை நைட்ரேட்டாக 45 மில்லிகிராம், அதற்கு மேல் தளர்வே கிடையாது. அட்டையில் 20 என்று பார்த்து, 45-க்குக் கீழேதானே என்று ஒருவர் நிம்மதியாகப் போகலாம். அது நைட்ரஜன் கணக்காக இருந்தால் உண்மையில் கிட்டத்தட்ட 89. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும் தண்ணீர் அது என்றால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து பிள்ளை நீலம் பாரித்துப்போகக்கூடும். எருக்குழிக்கும் கழிப்பறைக் குழிக்கும் பக்கத்தில் போர் உள்ள வீடுகள் எத்தனை என்று சுற்றிப் பாருங்கள். விற்றவரிடம் போன் செய்து கேட்டேன், "மேடம், அது ஸ்டாண்டர்டுதான்" என்றார். எந்த ஸ்டாண்டர்டு என்பதற்குப் பதில் வரவில்லை. கடைசியில் கணக்குப் பார்த்த நைட்ரேட் கரைசல் ஒன்றை லேபில் தயாரித்து, அதில் கிட்டைப் போட்டு நாங்களே கண்டுபிடித்து, அட்டையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம். வீட்டில் யாரால் இதைச் செய்ய முடியும்?

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி அவை இன்னும் கொஞ்சம் கூடும். கொதிக்க வைப்பது கிருமிக்கு.

கிருமிக்கான குப்பி எனக்கு இந்தப் பெட்டியிலேயே மிகவும் பிடித்த பொருள். அதை உருவாக்கியவர்கள் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனத்தின் மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூவர். 1982-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பல நாடுகளில் பயன்படுகிறது. சின்னக் குப்பி, உள்ளே மருந்தில் ஊறிக் காய்ந்த காகிதத் துண்டு. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, அறையில் ஒரு மூலையில் வைக்க வேண்டும். மலக்கழிவோடு வரும் பல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அது காகிதத்தில் உள்ள இரும்போடு சேர்ந்ததும் தண்ணீர் கறுத்துவிடும். இன்குபேட்டர் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். சமவெளியின் வெக்கையே போதும், மோசமான தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். ஊட்டி, ஏற்காடு போன்ற இடங்களில் குளிரில் மெதுவாகும், அங்கே வெதுவெதுப்பான இடம் தேடி வைக்க வேண்டும்.

ஒரு ஊரில் வயிற்றுப்போக்கு என்று கூப்பிட்டார்கள். மேல்நிலைத் தொட்டியின் அடியிலேயே ஒரு குப்பி, தெருவின் தொடக்கத்தில் ஒன்று, கடைக்கோடி வீட்டுக் குழாயில் ஒன்று என்று பிடித்தோம். கூடவே எஞ்சிய குளோரினும் பார்த்தோம். தொட்டியடியில் குளோரின் நன்றாகவே இருந்தது. கடைக்கோடியில் சுத்தமாக இல்லை, வரம்புப்படி குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மறுநாள் காலையில் முதல் இரண்டு குப்பிகளும் தெளிவாக இருந்தன. கடைசிக் குப்பி மை மாதிரி கறுத்திருந்தது. டேங்க் ஆபரேட்டர் அந்தக் குப்பியை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்போ டேங்க்ல இல்ல, லைன்லதான்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. தண்ணீர் ஒரு மணி நேரம் வந்து நிற்கும் குழாயில், நின்றபின் உள்ளே வெற்றிடம் ஏற்படும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளியில் தேங்கியிருப்பதை உறிஞ்சும். தோண்டிப் பார்த்தபோது குழாயின் மூட்டு ஒன்று சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. ஊரில் யாரிடமும் நான் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை, அந்தக் குப்பி கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மலக்கழிவுக்கு அடையாளமாக லேபில் தேடும் ஈ.கோலை பாக்டீரியா பொதுவாக ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்காது. அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் இந்தக் குப்பி சொல்கிறது. இயற்கையிலேயே சல்பைடு உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் காரணமில்லாமல் கறுக்கும், ஆனால் அப்படியென்றால் ஊற்றியவுடனேயே கறுக்க ஆரம்பித்துவிடும், அழுகிய முட்டை வாடையும் வரும். கறுத்த குப்பியை அப்படியே குப்பையில் எறியாதீர்கள். உள்ளே வளர்ந்திருப்பது கோடிக்கணக்கான கிருமி. பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி வைத்திருந்து பிறகு கொட்டுங்கள்.

எஞ்சிய குளோரினுக்கு என் பெட்டியில் ஆர்த்தோடோலிடின் வந்தது, மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு. புற்றுநோய் சந்தேகத்தால் பல இடங்களில் கைவிட்ட பொருள் அது. டி.பி.டி. மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வரும் சோதனை அதைவிட நல்லது, விலை கொஞ்சம் அதிகம். நான் மாணவர்களுக்கு டி.பி.டி. மட்டும்தான் கொடுக்கிறேன். வாங்கும்போது கேட்டு மாற்றி வாங்குங்கள்.

ஈயம், பூச்சிமருந்து, ஆலைக்கழிவு இவற்றில் எதையும் இந்தப் பெட்டி சொல்லாது. பக்கத்தில் தோல் பதனிடும் ஆலையோ சாயப்பட்டறையோ இருந்தால் நேராக ஆய்வகத்துக்குப் போங்கள்.

சொந்த போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள், போர் உள்ள அபார்ட்மென்ட் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள் இவர்களுக்கு இந்தப் பெட்டியைத் தயங்காமல் சொல்வேன். பிளஸ் டூ வேதியியல் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். கோடையின் கடைசியிலும் ஐப்பசி மழை முடிந்த பிறகும் பாருங்கள், ஒரே போரில் இரண்டு நேரத்திலும் ஒரே தண்ணீர் இருக்காது. பஞ்சாயத்துக் குழாய் நீர் மட்டும் குடிப்பவர்களுக்கு முழுப் பெட்டி வேண்டாம், கிருமிக் குப்பியும் குளோரின் சோதனையும் தனியாகக் கிடைக்கும்.

செய்து விற்பவர்களிடம் மூன்று வேண்டுகோள். விளக்கத் தாளைத் தமிழில் கொடுங்கள். இந்தப் பெட்டியை உண்மையில் திறப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள், அவர்கள் கையில் ஆங்கிலத் தாளைக் கொடுத்து என்ன பயன்? நைட்ரேட் அட்டையில் எந்தக் கணக்கு என்று அச்சடியுங்கள். காலாவதி தேதியைப் பெட்டியின் மேல் மட்டும் போடாமல் ஒவ்வொரு பாட்டிலிலும் போடுங்கள். ஊராட்சி அலுவலகத்து ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரீஏஜென்ட் பாதியிலேயே கெட்டுப்போகிறது, அதை வைத்துப் பார்த்து யாரோ ஒருவர் தண்ணீர் நல்லது என்று எழுதிவிட்டுப் போகிறார்.

வாங்கப் போகிறவர்கள் ரீஃபில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் முதலில் தீருவது ஃபுளோரைடு பாட்டில்தான்.